சிட்னி நகரின் நீலமலை

பெருநகரில் வாழ்வோர்க்கு அருகே ஒரு மலை அமைவது பெரும்பேறு. ஆறு நாள் உழைத்துக் களைத்தவர் ஏழாம் நாள் காலையில் வண்டியேறிச் சென்று, குளிர்ந்த காற்றை நுகர்ந்து, அருவியின் ஒலியைக் கேட்டு, அந்தி சாயும் வேளையில் இல்லம் திரும்பலாம். மும்பை மக்களுக்கு மாதேரானும் பெங்களூர் மக்களுக்கு நந்தி மலையும் இத்தகைய பேறுகளாக விளங்குகின்றன. நகரத்துக்கு மலை அருகில் இருப்பது நன்மையே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், மலைக்கு நகரம் அருகில் இருப்பது நன்மையா? இவ்வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஆஸ்திரேலிய நாட்டில், சிட்னி மாநகரின் மேற்கே பரந்து கிடக்கும் நீலமலைப் பகுதியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. ஆகவே, அம்மலைக்குச் சென்று காணத்தக்கவற்றைக் கண்டு, அவற்றினூடே அவ்விடையையும் தேடுவோம்.

சிட்னி, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் கடற்கரை நகரம். வானம் தெளிந்த நாளில் நகரின் உயர்ந்த இடங்களிலிருந்து மேற்கே நோக்கினால், அடிவானத்தில் நீலக்கோடு ஒன்று தாழ்ந்து நீண்டு கிடப்பது தெரியும். அதுவே நீலமலை. நகரின் மத்திய நிலையத்தில் ரயிலேறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டூம்பா என்னும் மலையூரை அடையலாம். தொலைவு 100 கிலோமீட்டர் அளவே. ஊர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது.

நம் நாட்டில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்று பழகியவர்க்குக் காட்டூம்பா முதலில் சற்று ஏமாற்றம் அளிக்கும். கொண்டை ஊசி வளைவுகள் இல்லை; தலைக்குமேல் ஓங்கி நிற்கும் சிகரங்களும் இல்லை. ரயில் மெல்ல மெல்ல மேலேறி வந்திருக்கும், ஏறியதே தெரிந்திராது. சமவெளியில் உள்ள ஓர் ஊரைப் போலவே கடைத்தெருவும் வீடுகளும் காணப்படும். ‘மலை எங்கே?’ என்று வினவியபடியே தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், எதிரொலி முனை என்னும் இடத்தில் தரை திடீரென்று முடிந்துவிடுகிறது. காலடியில் செங்குத்தான பாறைச் சுவர். அதன் கீழே நெடுந்தொலைவுக்குப் பரந்த ஜாமிசன் பள்ளத்தாக்கு. அதை நிறைத்து நிற்கும் காடு. அப்பால் மீண்டும் பொன்னிறப் பாறைச் சுவர்கள். இடப்புறம் மூன்று சகோதரியர் எனப்படும் மூன்று கற்றூண்கள் அருகருகே நிற்கின்றன. பிற மலைகளை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். நீலமலையைக் குனிந்து பார்க்கிறோம். அதுவே அதன் தனித்தன்மை.

இதற்குக் காரணம் யாது? நீலமலை உண்மையில் ஒரு மேட்டுநிலம். ஏறத்தாழ 23 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொணர்ந்து கொட்டிய மணல், அடுக்கடுக்காகப் படிந்து இறுகி மணற்கல்லாயிற்று. அதன் அடியில் இன்னும் பழைய களிக்கல் அடுக்குகளும் நிலக்கரியும் இருந்தன. பின்னர் இந்நிலம் முழுவதும் மேலெழுந்தது. ஆறுகள் அதை அறுக்கத் தொடங்கின. மேலுள்ள மணற்கல் கடினமானது. கீழுள்ள களிக்கல்லோ மென்மையானது. நீர் மென்மையான அடுக்கை அரித்து உட்குழிவாக்கும்போது, மேலுள்ள கல் தாங்குவாரின்றித் தன் நெடுக்கு விரிசல் வழியே பிளந்து பாளம் பாளமாக வீழ்கிறது. ஆகவேதான் பாறைச் சுவர்கள் சாய்வாக இராமல் செங்குத்தாகவே நின்றுவிடுகின்றன. மூன்று சகோதரியரும் இவ்வாறு சுற்றியிருந்த கல் வீழ்ந்தபின் எஞ்சி நிற்பவரே.

1836ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவந்த இளைஞர் சார்லஸ் டார்வின் குதிரையேறி இம்மலைக்கு வந்தார். வென்ட்வொர்த் அருவியின் அருகே பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று வியந்தார். உள்ளே இத்துணை அகன்ற பள்ளத்தாக்குகள் வெளியேறும் வாயில் மட்டும் ஏன் இத்துணைக் குறுகியிருக்கிறது என்பது அவருக்குப் பெரும் புதிராயிற்று. இன்றைய சிற்றாறுகள் இவ்வளவு பெரும் பள்ளங்களைத் தோண்டியிருக்க இயலாது என்று கருதி, கடலின் வேலையே இது என அவர் முடிவு செய்தார். ஆறுகளே அதைச் செய்தன என்பதைப் பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கியது. அகன்ற உட்புறமும் குறுகிய வாயிலும் கொண்ட இந்த அமைப்பை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். நகரத்துக்கும் மலைக்கும் நேர்ந்த பெரிய வழக்கு ஒன்றில் இது மீண்டும் வரும்.

இனி, நீலம் எங்கிருந்து வந்தது எனக் காண்போம். இப்பள்ளத்தாக்குகளை நிறைத்திருப்பவை பெரும்பாலும் யூகலிப்டஸ் மரங்கள். நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்று அழைக்கும் மரத்தின் இனமே இது. தடுமன் வந்தால் நம் வீடுகளில் கைக்குட்டையில் சில துளி விட்டு முகரும் நீலகிரித் தைலம் இவ்வின மரத்தின் இலையிலிருந்து வடிப்பதே. ஆதலால், காட்டூம்பாவில் இறங்கும் தமிழர்க்கு அக்காட்டின் மணம் புதியதன்று. வெயில் ஏறும்போது கோடிக்கணக்கான இலைகளிலிருந்து இந்த எண்ணெய்ப் பொருள்கள் ஆவியாகி, காற்றோடு வினைப்பட்டு, கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களாகின்றன. இத்துகள்கள் ஒளியின் நிறங்களுள் சிவப்பைக் காட்டிலும் நீலத்தை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. தொலைவு கூடக்கூட இடையிலுள்ள துகள்களும் கூடுகின்றன. எனவே தொலைவிலுள்ள முகடுகள் மேன்மேலும் நீலமாகத் தோன்றுகின்றன.

நம் நீலகிரியின் பெயர் இம்மரம் அங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இம்மரத்தைக் கொணர்ந்து, புல்வெளிகளிலும் சோலைகளின் ஓரங்களிலும் நட்டனர். அங்கே அது நீரை உறிஞ்சிப் பழைய புல்வெளியை அழிக்கும் வந்தேறி. சிட்னியின் நீலமலையிலோ அது மண்ணின் மகவு. இந்தப் பகுதியில் மட்டும் 90க்கும் மேற்பட்ட யூகலிப்டஸ் வகைகள் உள்ளன. அவற்றின் பொந்துகளில் பறவைகளும், இரவில் மரத்துக்கு மரம் தாவிச் சறுக்கும் சிறு விலங்குகளும் குடியிருக்கின்றன. ஒரு மரம் நல்லதா தீயதா என்பதை அது நிற்கும் இடத்தை அறிந்தே சொல்ல வேண்டும்.

இம்மலையில் மனிதர் வாழத் தொடங்கி 20,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. குண்டுங்குரா, தாருக் என்னும் பழங்குடியினர் இதன் பள்ளத்தாக்குகளையும் முகடுகளையும் தம் தாயகமாகக் கொண்டிருந்தனர். கிளென்புரூக் என்னும் ஊரின் அருகே ஒரு பாறைக் குடைவில், அவர்தம் முன்னோர் காவி மண்ணால் பதித்த கைச்சுவடுகளை இன்றும் காணலாம்.

1788ஆம் ஆண்டில் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர்க்கோ இம்மலை ஒரு மதிலாகத் தோன்றியது. எங்கும் செய்வதுபோல ஆற்றைத் தொடர்ந்து சென்று மலையைக் கடக்க அவர்கள் முயன்றனர். ஆனால், இங்கே ஆற்றைத் தொடர்பவர் முடிவில் செங்குத்தான பாறைச் சுவரின் அடியிற் போய் முட்டிக்கொள்வர். இருபத்தைந்து ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1813ஆம் ஆண்டு மே மாதத்தில் பிளாக்ஸ்லாந்து, லாசன், வென்ட்வொர்த் என்னும் மூவர், நான்கு வேலையாட்களோடும் நான்கு குதிரைகளோடும் புறப்பட்டனர். அவர்கள் பள்ளத்தில் இறங்காமல் முகட்டின் மேலேயே சென்றனர். மூன்று வாரத்தில் மறுபுறப் புல்வெளிகளைக் கண்டனர். பள்ளிப் பாடநூல்கள் இதனை மலையை முதன்முதற் கடந்த செயலாகப் போற்றி வந்தன. பழங்குடியினர் எத்தனையோ தலைமுறைகளாக அம்மலையைக் கடந்து சென்று வந்தவர் என்பதை அப்பாடநூல்கள் நெடுங்காலம் கூறவில்லை.

அடுத்து, 1814ஆம் ஆண்டு ஜூலையில் வில்லியம் காக்ஸ் என்பவர், நாடுகடத்தப்பட்ட கைதிகள் முப்பது பேரைக் கொண்டு சாலை வேலையைத் தொடங்கினார். விடுதலை கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அவர்களுக்குக் கூலி. ஆறு மாதத்துக்குள் 160 கிலோமீட்டர் அளவு வண்டிப்பாதை அமைந்தது. அப்பாதை வழியே ஆட்டு மந்தைகளும் குடியேறிகளும் மேற்கே பெருகினர். 1824ஆம் ஆண்டில், மலைக்கு அப்பாலிருந்த விரட்ஜுரி மக்களுக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டு, இராணுவச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது. மலைமேல் இட்ட ஒரு சாலை எத்தனை பேருடைய வாழ்வை மாற்றவல்லது என்பதற்கு இது சான்று. இன்றைய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் பெரும்பாலும் அந்த முகட்டையே தொடர்கின்றன. மலையூர்களெல்லாம் ஒரே சரத்தில் கோத்த மணிகள்போல அதன்மீதே வரிசையாக அமைந்துள்ளன.

1860களின் இறுதியில் ரயில் வந்தது. அதனுடன் நகரத்தார் இளைப்பாறவும் நோய் தணியவும் வந்தனர். விடுதிகள் தோன்றின. பாறைச் சுவர்களில் படிகள் வெட்டி நடைபாதைகள் அமைத்தனர். மூன்று சகோதரியரின் அருகிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பெரும்படிக்கட்டில் ஏறத்தாழ 900 படிகள் உள்ளன. இறங்குவது எளிது, ஏறும்போதுதான் அவற்றின் எண்ணிக்கை தெரியவரும். ஏற இயலாதவர்க்குக் காட்டூம்பாவில் ஒரு சிறு ரயில் உண்டு. 52 பாகைச் சரிவில், ஏறக்குறையக் கிணற்றுக்குள் இறக்கும் வாளிபோல அது இறங்குகிறது. அதில் ஏறி ஆர்ப்பரிக்கும் பயணிகளுட் பலர், அது நிலக்கரி ஏற்றிச் செல்வதற்காக 19ஆம் நூற்றாண்டில் அமைத்த பாதை என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. மலையின் அடியிலிருந்த கரியை நகரம் தோண்டி எடுத்தது. சுரங்கம் 1945இல் மூடப்பட்டபின் காட்சியை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது.

நகரத்தின் தேவை கரியோடு நிற்கவில்லை. வளரும் சிட்னிக்கு நீர் வேண்டியிருந்தது. காட்டூம்பாவுக்குத் தெற்கே புரகோராங் என்னும் அகன்ற பள்ளத்தாக்கு இருந்தது. அதன் நீரெல்லாம் வாரகம்பா என்னும் குறுகிய மலையிடுக்கின் வழியே வெளியேறியது. டார்வினுக்குப் புதிராயிருந்த அதே அமைப்பு பொறியாளர்க்கு வரமாக வாய்த்தது: குறுகிய வாயிலை அடைத்தால் அகன்ற பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாகிவிடும். 1948இல் தொடங்கிய அணை 1960இல் திறக்கப்பட்டது. அதன் உயரம் 142 மீட்டர். இன்று சிட்னி குடிக்கும் நீரில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. அந்நீரின் அடியில் வெள்ளையரின் பண்ணைகளும், குண்டுங்குரா மக்களின் இல்லங்களும் புனித இடங்களும் கிடக்கின்றன. அணையை மேலும் 14 மீட்டர் உயர்த்தும் திட்டமொன்று அண்மைக் காலத்தில் எழுந்தது. வெள்ளத்தைத் தடுக்க அது உதவும் என்றனர் ஒரு சாரார்; எஞ்சிய புனித இடங்களும் காடும் மூழ்கும் என்றனர் மற்றொரு சாரார். 2023ஆம் ஆண்டில் மாநில அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

இதைவிட உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. தம் நிலங்களை இழந்த குண்டுங்குரா மக்கள் பலர், தாருக் மக்களோடும் ஏழை வெள்ளையர் சிலரோடும் சேர்ந்து, காட்டூம்பாவின் ஓரத்தில் கல்லி என்னும் தாழ்நிலத்தில் எளிய குடில்கள் அமைத்து வாழ்ந்து வந்தனர். 1957ஆம் ஆண்டில், சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதற்காக அங்கே மோட்டார்ப் பந்தயத் தடம் அமைக்கத் தீர்மானித்தனர். குடில்கள் இடிக்கப்பட்டன, மக்கள் வெளியேற்றப்பட்டனர். பந்தயத் தடமும் நெடுங்காலம் செழிக்கவில்லை. 2002ஆம் ஆண்டில் அவ்விடம் பழங்குடியினரின் சிறப்புக்குரிய இடமாக அரசால் அறிவிக்கப்பட்டது. சிதைந்த தடம் இன்றும் புதர்களிடையே தெரிகிறது. மலையைக் காண வருவோரின் மகிழ்ச்சிக்காக மலையின் மக்களே அகற்றப்பட்டனர் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இவற்றையெல்லாம் கேட்டபின், மலைக்கு நகரம் அருகில் இருப்பது தீமையே என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தையும் காண வேண்டும்.

1931ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் சிட்னியிலிருந்து நடைப்பயணிகள் சிலர், முதுகில் மூட்டையுடன் கிரோஸ் பள்ளத்தாக்கில் இறங்கினர். அதன் அடியில், நீலப் பசை மரங்கள் எனப்படும் நெடிய யூகலிப்டஸ் மரங்கள், கோயில் தூண்கள்போல வழுவழுப்பாக நிமிர்ந்து நிற்கும் ஒரு சோலை உண்டு. அங்கே அவர்கள் ஒருவரைச் சந்தித்தனர். அவர் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். மரங்களை வெட்டிவிட்டு வால்நட் பயிரிடப் போவதாகக் கூறினார். அவர் கொடியவர் அல்லர்; பிழைப்புத் தேடியவர். நடைப்பயணிகளும் அவரைப் பழிக்கவில்லை. எவ்வளவு கொடுத்தால் விட்டுக்கொடுப்பார் என்று கேட்டனர். 130 பவுன் என்று முடிவாயிற்று. பொருளாதார மந்தத்தால் வேலையின்மை பெருகியிருந்த காலம் அது. நடைப்பயணக் கழகங்கள் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டியும் கடன் பெற்றும் அத்தொகையைச் செலுத்தின. 1932இல் அச்சோலை மக்களுக்குரிய காப்பிடமாயிற்று. இச்சிறு வெற்றி பெரியதொரு முயற்சிக்கு ஊக்கமளித்தது. அக்கழகங்களைச் சேர்ந்த மைல்ஸ் டன்ஃபி என்பார் மலை முழுவதையும் தேசியப் பூங்காவாக்க வேண்டுமென்று வரைபடங்கள் தீட்டிப் பல ஆண்டுகள் வாதாடினார். 1959இல் நீலமலைத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில், ஏழு தேசியப் பூங்காக்களும் ஒரு சுண்ணக்குகைக் காப்பிடமும் அடங்கிய, ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

அணை கட்டியவரும் சோலையைக் காத்தவரும் ஒரே நகரத்தாரே. ஆயின் வேறுபாடு எங்கே உள்ளது? சோலையைக் காத்தவர்கள் அதனிடத்தே நடந்து சென்றிருந்தனர். அதன் நிழலில் இரவு தங்கியிருந்தனர். விளிம்பில் நின்று பார்த்தவர்க்கு அது பசுமையான ஒரு பரப்பு. இறங்கிச் சென்றவர்க்கு ஒவ்வொரு மரமும் அறிமுகமாயிருந்தது.

அவ்வாறு காத்ததன் பயன் பின்னரே தெரிந்தது. 1994ஆம் ஆண்டில், இப்பகுதியின் வடக்கிலுள்ள வொல்லமைப் பூங்காவில், பூங்கா அலுவலர் டேவிட் நோபிள் ஓர் ஆழ்ந்த மலையிடுக்கில் இறங்கியபோது முன்பின் அறியாத மரங்களைக் கண்டார். டைனசோர்கள் உலவிய காலத்துப் புதைபடிவங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த குலத்தைச் சேர்ந்தவை அவை. சிட்னியிலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள், நூற்றுக்கும் குறைவான முதிர்ந்த மரங்களாக, யாருமறியாமல் அவை வாழ்ந்து வந்தன. அவை நிற்குமிடம் இன்றும் இரகசியமாகவே காக்கப்படுகிறது. பார்க்க வருவோரின் செருப்பில் ஒட்டிய மண்ணே அவற்றுக்கு நோயைக் கொண்டுவரக்கூடும்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், இடி விழுந்து கோஸ்பர்ஸ் மலையில் தீப்பற்றியது. வறட்சியும் வெப்பக்காற்றும் சேர, அது 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. பாரம்பரியப் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அக்கோடையின் தீயிற் சிக்கியது. வொல்லமை மரங்களைக் காக்கத் தீயணைப்பு வீரர்கள் வானூர்தியிலிருந்து கயிற்றில் இறங்கி, நீர்க்குழாய்கள் பதித்துச் சுற்றிலும் ஈரமாக்கினர். பெரும்பாலான மரங்கள் பிழைத்தன. 2020 பிப்ரவரி மழையே தீயை அவித்தது. யூகலிப்டஸ் மரம் தீயோடு பழகிய மரம். கரிந்த அடிமரத்தினின்றும் பசுந்தளிர் வெடித்துக் கிளம்பும். ஆனால், தீ அடுத்தடுத்து விரைந்து வருமாயின் அதற்கும் தாங்கும் எல்லை உண்டு.

இனி, அங்குச் செல்வோர்க்குச் சில சொல்லலாம். காலையில் வந்து, எதிரொலி முனையில் படமெடுத்து, மாலையில் திரும்புவோரே மிகுதி. இயன்றவர் ஓர் இரவேனும் தங்குவது நன்று. வைகறையில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி பாற்கடல்போலத் தேங்கிநிற்கும் காட்சி, தங்குவோர்க்கே வாய்க்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்குக் குளிர்காலம், கம்பளி வேண்டும். கோடையில் தீ அபாயம் மிகும் நாள்களில் பூங்காவை மூடிவிடுவர்; அதை மதிக்க வேண்டும். நெடுந்தொலைவு நடப்போர் நீரும் வரைபடமும் எடுத்துக்கொண்டு, செல்லும் வழியை ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்க. ஆபத்தில் இருக்குமிடத்தை அறிவிக்கும் சிறு கருவியைப் பூங்கா அலுவலகத்தார் இலவசமாக இரவல் தருகின்றனர். வேலியைத் தாண்டி விளிம்புக்குச் செல்லலாகாது. பாறை பாளமாக வீழ்வது பண்டைக்காலத்தோடு முடிந்த கதையன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வென்ட்வொர்த் அருவிப் பக்கத்தில் பாறை சரிந்து உயிரிழப்பும் நேர்ந்தது. ஊர்கள் முகட்டின் மேல் இருப்பதால், அங்கே நாம் எறியும் எதுவும் மழைநீரோடு இருபுறப் பள்ளத்தாக்குகளுக்குமே சென்று சேரும் என்பதையும் மறத்தலாகாது. பழங்குடி மக்களே வழிகாட்டிகளாக அழைத்துச் செல்லும் நடைகளும் உண்டு. அவர்களோடு செல்பவர்க்கு மலை வாய்திறந்து பேசும்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மலைக்கு நகரம் அருகில் இருப்பது நன்மையா? நீலமலையைப் பொறுத்தவரை, அதன் கரியையும் நீரையும் மக்களின் குடில்களையும் எடுத்துக்கொண்டது நகரம். அதன் சோலையை விலைகொடுத்து மீட்டதும், மலைக்காக மன்றங்களில் வாதாடியதும் அதே நகரத்தின் மக்களே. ஆகவே, விடை மலையிடம் இல்லை. அங்குச் செல்வோரிடம் இருக்கிறது. விருந்துக்குச் செல்பவர் வீட்டாரின் நலம் விசாரித்து, உண்ட இலையை எடுத்து, நன்றி கூறித் திரும்புவது நம் மரபு. மலைக்குச் செல்வோரும் அவ்வாறு சென்று திரும்புவாராயின், நகரம் அருகில் இருப்பது எம்மலைக்கும் நன்மையாகவே முடியும். நம் நாட்டு மலைகளுக்கும் இஃது ஒக்கும்.